கழுவிய பின் சுவரிலும் தரையிலும் தோன்றும் குறைகள்: காரணமும் சரிசெய்யும் முறையும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டின் வெளிப்புறத்தைக் கழுவும் வேலை பெரும்பாலும் மார்கழியில்தான் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். காம்பவுண்ட் சுவர் கறுத்தும், நடைபாதை வழுக்கியும், மொட்டை மாடியின் ஓரங்கள் பச்சை பிடித்தும் கிடக்கும். பொங்கலுக்குள் வெள்ளையடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்கடுத்த வாரங்களில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீடுகளில் பிரஷர் வாஷர் ஓடியது. அவற்றில் இரண்டு வீடுகளின் சுவர், கழுவுவதற்கு முன்பிருந்ததைவிடப் பின்புதான் மோசமாகத் தெரிந்தது. இயந்திரத்தில் பழுதில்லை. கறை எதனால் ஆனது என்று பார்க்காமல் கையில் கிடைத்த மருந்தை ஊற்றியதே காரணம்.

கடலோர ஊரில் வீட்டின் வெளிப்புறக் கறை பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: பாசி, பூஞ்சை போன்ற உயிருள்ள படலம், சுவருக்குள்ளிருந்து வெளிவரும் உப்பு, இரும்பின் துரு, வண்டி எண்ணெய். முதலாவதற்குக் குளோரின், துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலம், எண்ணெய்க்குக் காரம் என்று ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. உப்புக்கோ பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. ஆகவே வேலையைத் தொடங்குமுன் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் இரண்டு சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். நீர் கலந்த குளோரின் கரைசலில் ஒரு சொட்டைக் கறையின்மேல் விடுங்கள். ஐந்து நிமிடத்தில் கறை வெளிறினால் அது உயிருள்ள படலம். பிறகு வேறோர் இடத்தில், குளோரின் படாத இடத்தில், எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள்; நுரைத்துப் பொங்கினால் அங்கே சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அமிலத்தை அந்தப் பரப்பின் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று பொருள்.

கழுவும்போதே மூச்சை அடைக்கும் நெடி, இருமல், கண் எரிச்சல்

வரிசைப்படி இது பின்னால் வரவேண்டியது; ஆபத்து கருதி முன்னால் வைக்கிறேன். குளோரின் கரைசல் தெளித்த தரையில் ஆசிட்டையோ (கடையில் ஆசிட் என்று விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்), அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையோ ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடு சேர்ந்தால் குளோரமீன் என்னும் வேறொரு நச்சு வாயு உண்டாகும். குளோரின் வாயு காற்றைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்பதால் மேலே போகாமல் தாழ்வான இடத்தில் தேங்கும். வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே நாம் விட்டுவைத்திருக்கும் மூன்றடிச் சந்து அது தேங்குவதற்கென்றே கட்டியதைப் போன்றது.

நெடி தெரிந்த உடனே எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் காற்று வரும் திசையை நோக்கி வெளியேற வேண்டும். அதைச் சரிக்கட்டுவதாக எண்ணி இன்னொரு பொருளை அதன்மேல் கொட்டக் கூடாது. கண்ணில் பட்டிருந்தால் ஓடும் நல்ல தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் வரை விடாமல் கழுவ வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளோரினும் அமிலமும் ஒரே நாளில் ஒரே பரப்பில் கூடாது என்பதை நான் என் வீட்டில் சட்டமாகவே வைத்திருக்கிறேன். இரண்டும் தேவைப்பட்டால் இடையில் நன்றாக அலசி, ஒரு நாள் காயவிட்ட பிறகே அடுத்தது.

பளிச்சென்று இருந்த சுவர் சில வாரங்களில் மறுபடியும் கறுப்பது

மிகுதியாகக் கேட்கப்படும் புகார் இதுதான். நம் ஊர்ச் சுவர்களில் படரும் கறுப்பு வெறும் அழுக்கு அன்று. நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும் சேர்ந்த படலம். பிரஷர் வாஷர் அதன் மேற்பகுதியைச் சீவி எறிகிறது. சிமெண்டுப் பூச்சின் நுண்துளைகளுக்குள் இருக்கும் மிச்சம் அப்படியே இருந்து, அடுத்த பனியிலோ மழையிலோ தழைக்கிறது. அழுத்தத்தால் பூச்சின் மேல்தோலும் சற்று உரிந்திருக்குமானால் அது பிடித்துக்கொள்ள முன்பைவிட வசதியான சொரசொரப்பும் கிடைத்துவிடுகிறது. மறுபடி கறுத்தது என்று இன்னும் பலமாக அடிப்பவர், அடுத்த ஆண்டுக்கான பாசியை இந்த ஆண்டே பயிரிடுகிறார்.

சரியான வரிசை இது. முதலில் வெறும் தண்ணீரால், குறைந்த அழுத்தத்தில், மண்ணையும் தூசியையும் அலசிவிட வேண்டும். ஏனென்றால் சேறும் இலைச்சருகும் குளோரினைத் தாங்களே குடித்துவிடும், பாசிக்கு எதுவும் மிஞ்சாது. பிறகு குளோரின் தரும் மருந்தான சோடியம் ஹைப்போகுளோரைட்டைச் சுவருக்கு அரை முதல் ஒரு சதவீதம், சிமெண்டுத் தரைக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம் என்ற அளவில் கரைத்து, கைப்பம்பு தெளிப்பானால் கீழிருந்து மேலாகத் தெளிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் கோடுகள் காய்ந்த சுவரில் தடம் பதித்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, கறுப்பு பழுப்பாகி வெளிறுவதைக் கண்ட பிறகு, அகலமாக விரியும் நாசிலைக் கொண்டு இரண்டடித் தள்ளி நின்று அலச வேண்டும். அலசும்போது திசை மேலிருந்து கீழ். மருந்து வேலையைச் செய்து முடித்திருந்தால் இந்தக் கட்டத்தில் அழுத்தமே பெரிதாகத் தேவைப்படாது.

தெளிப்பானைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வயலுக்குக் களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இதற்கு இரவல் வாங்க வேண்டாம். அடியில் தங்கியிருக்கும் மருந்து எது, அது குளோரினோடு என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. புதிதாக ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் தெளிப்பான் ஒன்றை வாங்கி, அதன்மேல் பெயிண்டால் எழுதி, தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

குளோரின் தெளித்தும் கறை அசையாமல் இருப்பது

சொட்டுச் சோதனையில் வெளிறிய கறை, முழுச் சுவரில் அசையவில்லை என்றால் கரைசல் நீர்த்துப்போயிருக்கிறது என்று கொள்ளலாம். கேனில் 10 முதல் 12 சதவீதம் என்று எழுதியிருப்பது தயாரித்த நாளின் கணக்கு. ஹைப்போகுளோரைட் வெயிலிலும் வெப்பத்திலும் தானாகவே சிதையும். கத்திரி வெயிலில் கடை வாசலில் காய்ந்த கேன், சில மாதங்களில் பாதி பலத்தை இழந்திருக்கக்கூடும். தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்கி, நிழலில் வைத்து, அந்தப் பருவத்துக்குள் தீர்த்துவிடுவதே வழி. கணக்கு எளிது: 10 சதவீதக் கரைசலில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் ஒரு சதவீதம், 5 சதவீத வீட்டுப் பிளீச்சுக்கு நான்கு பங்கு தண்ணீர் போதும்.

கடும் வெயிலில் தெளிப்பது இன்னொரு காரணம். மேற்குச் சுவரில் மூன்று மணிக்குத் தெளித்தால் ஐந்து நிமிடத்தில் காய்ந்து வெறும் உப்பாகிவிடும். காலை எட்டு மணிக்குள்ளோ, நிழல் சாய்ந்த பின்னரோ செய்ய வேண்டும்.

கடைகளில் ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. ஹைப்போகுளோரைட்டைச் சுருக்கி ‘ஹைப்போ’ என்கிறார்கள். பழைய ஸ்டூடியோக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று சொன்னதோ சோடியம் தயோசல்பேட்டை. அது மீன்தொட்டித் தண்ணீரில் குளோரினை முறிப்பதற்காகப் படிகமாகவும் விற்கப்படுகிறது. ஒன்று குளோரினைத் தருவது, மற்றது குளோரினை அழிப்பது. பெயரை மட்டும் சொல்லி ஆளனுப்பினால் எது வரும் என்பது கடைக்காரரின் வயதைப் பொறுத்தது.

காய்ந்த பின் வெள்ளைப் படலம்

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டும்.

பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியிருந்தால் அது அதன் சுண்ணாம்பு மண்டி. அதில் கிடைக்கும் குளோரின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சேர்மங்கள். பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுத்திருந்தால் இந்தப் படலம் பெரும்பாலும் வந்திராது. வந்துவிட்டதென்றால் முதலில் ஈரத் துணியாலும் தேய்க்கும் பிரஷ்ஷாலும் முயலுங்கள். பல நேரங்களில் அதுவே போதும்.

இரண்டாவது, சுவருக்குள்ளிருந்து வரும் உப்பு. உவர் நீரில் கட்டிய சுவரும், கடலோரத்துச் செங்கல்லும் உப்பை உள்ளே வைத்திருக்கின்றன. நாம் அழுத்தமாக அடித்த நீர் உள்ளே போய் அதைக் கரைத்து, காயும்போது வெளியே கொண்டுவந்து பூக்க வைக்கிறது. விரலால் தொட்டு நீரில் இட்டால் இது கரைந்துவிடும். இதைப் போக்கத் திரும்பவும் தண்ணீர் அடிப்பவர் உப்புக்கு இன்னொரு பயணச்சீட்டு வாங்கித் தருகிறார். சுவர் நன்றாகக் காயட்டும். காய்ந்த பிரஷ்ஷால் பூத்ததைத் தட்டிவிட்டு, விழுந்ததை வாரி அப்புறப்படுத்துங்கள். மறுபடி பூத்தால் மறுபடி தட்டுங்கள். ஓதம் ஏறும் வழி அடைபடாத வரை எந்த மருந்தும் இதை நிறுத்தாது.

மூன்றாவது, பழைய பெயிண்டே பொடியாக உதிர்வது. உள்ளங்கையால் தடவினால் மாவுபோல ஒட்டும். இதற்கு மருந்தில்லை, கழுவி, ப்ரைமர் அடித்து, மறுபூச்சுப் பூச வேண்டியதுதான்.

பழுப்பும் துருவும் தோன்றுவது

ஹைப்போவை வாளியில் ஊற்றியதும் தண்ணீர் தேநீர் நிறமாக மாறினால் உங்கள் போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த இரும்பைக் குளோரின் துருவாக்கிவிடுகிறது. அதைச் சுவரில் தெளித்தால் பாசி போகும், அதன் இடத்தில் காவி நிறம் வந்து உட்காரும். கலவைக்கு மட்டுமாவது நகராட்சிக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

ஜன்னல் கம்பியின் கீழ் வழிந்த துருவை நீக்கவும் குளோரின் உதவாது. கறையை இன்னும் அழுத்தமாக்கவே செய்யும். ஆக்ஸாலிக் அமிலப் பொடியை லிட்டருக்கு 50 கிராம் என்று கரைத்து, கறைமேல் மட்டும் பிரஷ்ஷால் பூசி, சில நிமிடங்களில் அலசிவிட வேண்டும். அது விழுங்கினால் நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் அவசியம். சிமெண்டின்மேல் நீண்ட நேரம் விட்டால் அதுவே வெள்ளைப் படலத்தை விட்டுவிடும். வாசற்படியோரச் செந்நிறம் துருதானா, அல்லது பண்டிகைக்கு இட்ட செம்மண் காவியா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். காவியும் இரும்பு ஆக்சைடுதான் என்பதால் குளோரினுக்கு அது அசையாது.

எவர்சில்வர் கேட்டில் பொட்டுப் பொட்டாகப் பழுப்பு தோன்றுவது கடலோரக் காற்றின் உப்பால் வருவது. தேவனாம்பட்டினம் போலக் கடலுக்கு அருகில் இருக்கும் இடங்களில் புதுக் கேட்டிலும் சில மாதங்களில் வரும். சுவரில் தெளித்த ஹைப்போ சிதறி அதன்மேல் காய்ந்தால் நிலைமை மோசமாகும். ஆசிட் பட்டால் சொல்லவே வேண்டாம். கேட்டையும் அலுமினிய ஜன்னல்களையும் முன்கூட்டியே தண்ணீரால் நனைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டுத்தான் சுவரைத் தொட வேண்டும். அலுமினியத்தின்மேல் காஸ்டிக் சோடா எந்த நிலையிலும் படக் கூடாது.

கடப்பா கல் வெளுத்து, மினுமினுப்பு போய்விடுவது

இது என் சொந்த அனுபவம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கும் மேடை கடப்பா கல்லால் ஆனது. போர் தண்ணீரின் வெள்ளைக் கறை படிந்திருந்ததைப் போக்க, வேலைக்கு வந்தவர் சொன்னபடி ஆசிட்டை நீர்த்துத் தேய்க்க அனுமதித்தேன். சர்ரென்று நுரைத்தது, கறை கரைகிறது என்று மகிழ்ந்தேன். கரைந்தது கறை மட்டுமன்று, கல்லும்தான். கடப்பா கல் ஒருவகைச் சுண்ணாம்புக்கல். அமிலம் பட்டால் அதன் மேற்பரப்பு கரைந்து சாம்பல் நிறத் தழும்பாகிவிடும். மேடையின் கருமை அதன்பின் திரும்பவே இல்லை. அமிலத்தால் வந்த தழும்பைக் கழுவி நீக்க முடியாது; கல் பாலீஷ் செய்பவரைக் கொண்டு தேய்த்து மெருகேற்ற வேண்டும், அல்லது அப்படியே பழகிக்கொள்ள வேண்டும். நான் பழகிக்கொண்டேன்.

கடப்பா, மார்பிள், சுண்ணாம்புப் பூச்சு ஆகிய மூன்றுக்கும் நடுநிலையான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் மட்டுமே. கிரானைட் அமிலத்தைத் தாங்கும் என்று நம்பப்படுகிறது. ஆனால் அதிலுள்ள இரும்புத் தாதுக்களை ஆசிட் கரைத்து மஞ்சள் பாய வைப்பதுண்டு. மொத்தத்தில், வீட்டு வெளிப்புறத்தில் ஆசிட்டுக்கு வேலையே இல்லை என்பது என் கருத்து.

தரையில் சீப்பு வாரியதுபோல வரிகள்

கூரிய நாசிலை அருகில் பிடித்து வேகமாக வீசியதால் வருவது. தரையை நனைத்துப் பாருங்கள். நனைத்ததும் வரிகள் மறைந்து, காய்ந்ததும் திரும்பினால் அது சுத்தம் பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்குமான வேறுபாடு. ஒரு சதவீத ஹைப்போவைச் சீராகத் தெளித்து, காத்திருந்து, அலசினால் சமமாகிவிடும். நனைந்த பின்னும் விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டால் சிமெண்டே அறுபட்டிருக்கிறது; அதற்கு மேல்பூச்சுதான் தீர்வு. நாசில்களில் சிவப்பு நிறக் குறி பாகை விரிவே இல்லாத ஒற்றைக் கோட்டுப் பீச்சு, வெள்ளை 40 பாகை விரிவு; வீட்டுச் சுவருக்குச் சிவப்பை எடுக்கவே வேண்டாம். பேவர் பிளாக்கிலும் இதே விதிதான், இல்லையென்றால் இடுக்கு மணல் முழுவதும் தெருவுக்குப் போய்விடும்.

இயந்திரம் சோப்பை இழுக்காதது

பெரும்பாலும் பழுது அன்று. வீட்டு இயந்திரங்களில் சோப்பு உறிஞ்சும் அமைப்பு குறைந்த அழுத்தத்தில்தான் வேலை செய்யும். துப்பாக்கி முனையைச் சோப்பு நிலைக்கு, அதாவது அகன்ற துளைக்கு மாற்ற வேண்டும். மாற்றியும் இழுக்கவில்லை என்றால் உறிஞ்சுகுழாயின் வடிகட்டியில் சோப்பு இறுகியிருக்கும், வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். ஹைப்போவையும் அமிலத்தையும் இந்த வழியாக இழுக்கவிடக் கூடாது. ரப்பர் வளையங்களும் உலோகப் பகுதிகளும் அரித்துப்போகும். போர் தண்ணீரின் கடினத்தால் சோப்பு நுரைக்காமல் திரிந்து மிதந்தால், அது இயந்திரத்தின் குற்றமும் அன்று, சோப்பின் குற்றமும் அன்று.

மொட்டை மாடியைக் கழுவிய பின் கூரையில் ஈரம், கிணற்றில் நெடி

தட்டோடு பதித்த மாடியில் ஓடுகளுக்கிடையே உள்ள இணைப்புப் பூச்சைப் பிரஷர் வாஷர் பெயர்த்துவிடும். அடுத்த மழையில் அறைக்குள் கசிவு தெரியும். மர உத்தரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைகளில் இது இன்னும் ஆபத்து. அங்கே ஹைப்போவும் தேங்காய்நார்த் துடைப்பமும் போதும். பெயர்ந்த இணைப்புகளை மழைக்கு முன்பே நீர்புகாக் கலவையால் அடைத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், கடலூர்ப் பக்கத்து வீடுகளில் மாடியின் வடிகுழாய் நேரே கிணற்றுக்கோ சேகரிப்புக் குழிக்கோ போகும். மாடியில் மருந்து தெளிக்குமுன் அந்தக் குழாயைக் கழற்றித் திருப்பிவிட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கழுவி முடித்த பின் முதல் மழை நீரையும் வெளியே விட்டுவிட்டு, அதன்பின் இணையுங்கள்.

செடிகள் கருகுவது, வண்டி எண்ணெய் போகாதது

துளசி, செம்பருத்தி, முருங்கை எதுவானாலும் தெளிக்குமுன் இலையும் மண்ணும் நன்றாக நனைந்திருக்க வேண்டும். பின்பும் அலசிவிட வேண்டும். ஏற்கெனவே தண்ணீர் குடித்த மண் மருந்தை அதிகம் உறிஞ்சாது. எண்ணெய்க் கறைக்கு ஆசிட்டும் குளோரினும் வீண். உலர் மணலால் உறிஞ்சவிட்டு, சலவைச் சோடாவைக் குழைத்துப் பூசி, ஒரு மணி நேரம் கழித்து வெந்நீரால் தேய்த்து அலசுங்கள்.

கழுவி அடித்த பெயிண்ட் கொப்பளிப்பது

பொங்கல் அவசரத்தின் பலன் இது. கழுவிய மறுநாளே பெயிண்ட் அடித்தால் சுவருக்குள்ளிருக்கும் நீர் வெளியேற வழியின்றிக் கொப்புளமாகிறது. ஹைப்போவைச் சரியாக அலசாமல் விட்டிருந்தால் அதன் உப்பும் பெயிண்டைத் தள்ளுகிறது. மார்கழிப் பனியில் இரண்டு நாள் வெயில் போதாது. குறைந்தது நான்கைந்து நாள் காயவிடுங்கள். ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பெயிண்டர் அண்ணனை இன்னும் சில நாள் கழித்து வரச் சொல்லுங்கள். ஏற்கெனவே கொப்பளித்திருந்தால் அந்த இடங்களைச் சுரண்டி, காயவிட்டு, ப்ரைமரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

கடற்கரைச் சாலையை ஒட்டிய பழைய பிரெஞ்சு வீடுகளிலும், வைசியாள் வீதி போன்ற தமிழர் பகுதியின் திண்ணை வீடுகளிலும் குடியிருப்பவர்களுக்கு மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி பொருந்தாது. அங்கே பூச்சு சுண்ணாம்பாக இருக்கும். ஆசிட் அதைக் கரைக்கும், அழுத்தம் அதைப் பெயர்க்கும், சிமெண்டு ஒட்டுப்போட்டால் உள்ளே ஓதத்தை அடைத்துவைக்கும். அத்தகைய சுவரில் பாசி கண்டால் நீர்த்த ஹைப்போவை மென்மையாகத் தெளித்து, கைக்குழாயால் அலசி, காய்ந்த பின் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள். பிரஷர் வாஷர் காருக்கு இருக்கட்டும்.